பல்லைப் பார்த்துப் பயப்படலாமா? மணல்புலிச் சுறாவும் மனிதர்களும்

கோயம்புத்தூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ துபாய்க்குப் போய்வருபவர்களின் போனில் இந்தப் படம் எப்படியும் இருக்கும். துபாய் மாலில் இருக்கும் ராட்சத மீன்தொட்டிக் கண்ணாடியின் முன்னால் குடும்பமே நிற்கும்; பின்னால் ஒரு சுறா வாயைப் பாதி திறந்தபடி மெதுவாகக் கடந்துகொண்டிருக்கும். வாயிலிருந்து ஊசி ஊசியாகப் பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது பெரும்பாலும் சாண்ட் டைகர் ஷார்க், அதாவது மணல்புலிச் சுறா. படத்தைப் பார்க்கும் பொடுசுகள் கேட்பது ஒரே கேள்விதான்: "இது ஆளைக் கடிக்குமாங்கப்பா?"

கடிக்கும். ஆனால் அரிதாகத்தான் கடிக்கும். அதிலும் பெரும்பாலும் மனிதர் ஏதாவது செய்த பிறகுதான். அமெரிக்காவின் புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் சர்வதேசச் சுறாத் தாக்குதல் பதிவேட்டில், சும்மா இருந்தவரை மணல்புலிச் சுறா கடித்ததாக 30 சொச்சம் சம்பவங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றில்கூட உயிர் போகவில்லை. அதே பதிவேட்டில் பெரும் வெள்ளைச் சுறாவின் கணக்கில் 50க்கும் மேற்பட்ட சாவுகள் இருக்கின்றன. புலிச்சுறாவுக்கும் காளைச் சுறாவுக்கும் தலா 20க்கு மேல். உலகம் முழுக்க எல்லாச் சுறாக்களையும் சேர்த்தாலே, சீண்டாமல் நடக்கும் கடிகள் வருடத்துக்குச் சராசரியாக 60, 70தான். சாவு ஐந்தாறு. சில வருடம் கூடும், சில வருடம் குறையும்.

பார்த்தாலே குலைநடுங்க வைக்கும் சுறா எப்படி இந்தப் பட்டியலின் அடியில் கிடக்கிறது? இது புரிந்தால் சுறாக்களைப் பற்றிய பயத்தில் பாதி தெளிந்துவிடும்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம்

விலங்கியல் பெயர் கார்காரியஸ் டாரஸ். ராஃபினெஸ்க் என்ற அறிஞர் 1810இல் இத்தாலியின் சிசிலித் தீவில் கிடைத்த மீனை வைத்து இதை விவரித்தார். ஆஸ்திரேலியாவில் இதற்கே 'கிரே நர்ஸ்' என்று பெயர், தென்னாப்பிரிக்காவில் 'ராகி'. மூன்று பெயரும் ஒரே மீன்தான். புலிச்சுறா என்பது வேறு இனம், வேறு குடும்பம். அது நிஜமாகவே ஆபத்தானது. செய்தித் தளங்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுவது வாடிக்கை.

வளர்ந்தது சுமார் மூன்று மீட்டர் வரை வரும். எடை நூறு கிலோவைத் தாண்டும். உடல் பழுப்பு கலந்த சாம்பல் நிறம், மேலே செம்பழுப்புப் புள்ளிகள். வயதாக ஆகப் புள்ளிகள் மங்கும். மூக்கு கூம்பாகவும் கொஞ்சம் தட்டையாகவும் இருக்கும். நிச்சயமாகக் கண்டுபிடிக்க முதுகைப் பாருங்கள். பெரும்பாலான பெரிய சுறாக்களில் முதல் முதுகுத் துடுப்பு பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருக்கும். இதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. முதல் துடுப்பும் நடு முதுகில் இல்லாமல் கொஞ்சம் பின்தள்ளியே இருக்கும். இரண்டு துடுப்பும் சமம், வாய் மூடியிருந்தாலும் பல் தெரிகிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

நம்மூர் மீன்தொட்டிக் கடைகளில் 'ஷார்க்' என்று சொல்லி விற்கும் வெள்ளி நிறக் குட்டிகளுக்கும் சுறாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவை பங்காசியஸ் என்கிற கெளுத்தி வகை. பொருட்காட்சியில் சுரங்கத் தொட்டி போடும்போது 'சுறா' என்று காட்டுவதும் சில நேரம் அதுதான்.

பல் சொல்லும் சேதி

ஒரே ஒரு பல்லைத் தனியாக எடுத்துப் பார்த்தால் போதும். நடுவில் ஒல்லியாக, நீளமாக, லேசாக வளைந்த ஒரு முனை. அடியில் இரண்டு பக்கமும் முள் மாதிரி குட்டி முனைகள். கீழே கவட்டை போல இரண்டாகப் பிரியும் வேர். ஓரத்தில் ரம்பம் கிடையாது. வெள்ளைச் சுறாவின் பல் அப்படியல்ல. அகலமான முக்கோணம், இரண்டு ஓரமும் ரம்பம். கடித்த பிறகு தலையை இடவலமாக உதறினால் அந்தப் பல் சதையை அறுத்து எடுத்துவிடும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தைக்கிற கோணூசியை நினைத்துக்கொள்ளுங்கள். குத்தும், இழுக்கும், ஆனால் அறுக்காது. மணல்புலிச் சுறாவின் பல்லும் அந்த வேலைக்குத்தான். வழுக்கி ஓடும் மீனைக் கவ்விப் பிடிக்க வேண்டும், நழுவவிடாமல் அப்படியே விழுங்க வேண்டும். சிறு மீன்கள், திருக்கை, குட்டிச் சுறா, கணவாய், நண்டு, சிங்கி இறால் என்று வாய்க்குள் முழுசாகப் போகிறவைதான் அதன் சாப்பாடு. மனிதர் அந்த அளவில் இல்லை. கடித்துத் துண்டாக்கித் தின்னும் கருவி அதன் வாயில் இல்லை. பல் வெளியே தெரிவதே அது கவ்வுகிற பல் என்பதால்தான். பயமுறுத்துகிற அதே அம்சம்தான் அதை ஒப்பளவில் சாதுவாகவும் ஆக்குகிறது.

அதற்காகக் கடி லேசானது என்று எண்ணிவிடக்கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கவ்விய கையை வெடுக்கென்று பிடுங்கினால், குத்துக் காயமாக நின்றிருக்க வேண்டியது கிழிந்த காயமாகிவிடும். தசைநாரும் நரம்பும் அறுபட்டு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் உண்டு.

மந்தமாகத் தெரிவது ஏன்

சுறாவுக்கு மற்ற மீன்களைப் போலக் காற்றுப்பை கிடையாது. ஈரலில் உள்ள எண்ணெய் கொஞ்சம் மிதக்க வைக்கும். மற்றபடி நீந்தாவிட்டால் அடியில் போய் உட்கார வேண்டியதுதான். மணல்புலிச் சுறா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். அதனால் பகல் முழுவதும் பாறை இடுக்கிலும் குகை வாயிலிலும் மூழ்கிய கப்பலின் இண்டிலும் ஏறக்குறைய அசையாமல் தொங்கிக்கொண்டிருக்க முடிகிறது. வேட்டை பெரும்பாலும் இரவில்தான். பகலில் அதைப் பார்க்கும் முக்குளிப்பாளர் 'பூனை மாதிரி சாது' என்று முடிவு கட்டிவிடுகிறார். அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கும். அது அப்போது சாது இல்லை, ஓய்வில் இருக்கிறது.

இனப்பெருக்கக் கதை இன்னும் விசித்திரம். தாய்க்குக் கருப்பை இரண்டு. ஒவ்வொன்றிலும் பல கருக்கள் உருவாகும். முதலில் சுமார் பத்து சென்டிமீட்டர் வளர்ந்து பல் முளைத்த குட்டி, கூடப்பிறந்தவற்றைக் கொன்று தின்னும். பிறகு தாய் தொடர்ந்து விடும் கருவுறாத முட்டைகளைத் தின்றே வளரும். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்துக் கருப்பைக்கு ஒன்றாக இரண்டே குட்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் பிறக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஸ்பிரிங்கர் ஒரு சினைச் சுறாவை ஆராய உள்ளே கையை விட்டபோது, பிறக்காத குட்டி அவர் கையைக் கடித்தது. 1948இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை வழியாகத்தான் இந்த இனத்தின் கருப்பை வாழ்க்கை பரவலாகத் தெரியவந்தது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு குட்டி. பெண் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே ஒன்பது, பத்து வருடம். கணக்குப் போட்டால் தெரியும், பிடித்துக் குறைத்த எண்ணிக்கையைத் திரும்ப நிரப்புவது இந்த மீனுக்கு எவ்வளவு பாடு என்று.

எப்போது கடிக்கிறது

பதிவான சம்பவங்களில் திரும்பத் திரும்ப வருவது சில நிலைமைகள்தான்.

முதலாவது, ஈட்டி மீன்வேட்டை. குத்திய மீனை இடுப்பிலோ கயிற்றிலோ கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு நீந்துகிறார்கள். துடிக்கும் மீனின் அதிர்வும் இரத்த வாசனையும் சுறாவை வரவழைக்கும். அது மீனைக் கவ்வும். மீனுக்குப் பக்கத்தில் தொடை இருந்தால் அதுவும் சேர்ந்து மாட்டும். குறி மீன்தான், மனிதர் இடையில் சிக்குகிறார். பிடித்ததை உடம்போடு வைக்காமல், நீளக் கயிற்றில் மிதவையில் கட்டித் தள்ளி விடுவதும், உடனுக்குடன் படகில் ஏற்றுவதும் இதற்குத்தான்.

இரண்டாவது, கலங்கிய அலையோரத் தண்ணீர். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கடற்கரையில் 2022 கோடையில் அடுத்தடுத்துச் சிலர் கடிபட்டார்கள். அந்தப் பக்கத்து கிரேட் சவுத் பே உப்பங்கழி மணல்புலிக் குட்டிகள் வளரும் இடம் என்பது 2016இலேயே வெளியில் தெரிந்திருந்தது. மத்திக்கு உறவான மென்ஹேடன் மீன் கூட்டம் கரையை ஒட்டி வரும்போது அதைத் துரத்தி இளம் சுறாக்களும் வரும். கலங்கலில் பளபளப்பாக அசையும் பாதத்துக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு கவ்வு, சரியில்லை என்று உடனே விட்டுவிடும். அங்கே பல கடிகளில் கணுக்காலிலும் பாதத்திலும் மேலோட்டமான காயம்தான்.

மூன்றாவதில் தப்பு முழுக்க மனிதருடையது. குகை வாயிலை மறித்து நின்று படம் எடுப்பது, வாலைப் பிடிப்பது, தடவிப் பார்ப்பது, கையில் இரை வைத்து ஊட்டுவது. அசையாமல் தொங்குகிற மிருகத்துக்கு வெளியேறும் வழி அடைபட்டால் அது நம் மேல்தான் பாயும். அதற்கு முன் எச்சரிக்கை கொடுக்கும். நீச்சல் விறைப்பாகும், வட்டம் சுருங்கும், வாய் அகலும், திடீரென்று வாலை அடித்துத் திரும்பும்போது துப்பாக்கி வெடித்தது போலத் தண்ணீருக்குள் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் அங்கேயே நிற்பவரைக் காப்பாற்ற ஆள் இல்லை.

நான்காவது, படகுத் தளம். வலையிலோ தூண்டிலிலோ மாட்டி மேலே வந்த சுறா செத்ததுபோலக் கிடக்கும். முள்ளைக் கழற்றக் கை நீட்டும்போது திரும்பிக் கவ்வும். தூண்டில் கம்பியை வாய்க்குப் பக்கத்தில் வெட்டிவிடுவது, தலைப்பக்கம் காலை வைக்காமல் இருப்பது என்பவைதான் மீனவர்களின் நடைமுறை. இந்தியக் கடலில் இந்த இனம் அரிதாகவே சிக்குகிறது என்றாலும், எந்தச் சுறாவுக்கும் இதே விதிதான்.

நீருக்கடியில் சந்தித்தால்

நார்த் கரோலைனாவின் மூழ்கிய கப்பல்கள், டர்பனுக்குத் தெற்கே உள்ள அலிவால் ஷோல், நியூ சவுத் வேல்ஸின் ஃபிஷ் ராக் குகை: இந்தச் சுறாவைப் பார்க்கவே இங்கெல்லாம் முக்குளிக்க வருகிறார்கள். ஐ.டி. வேலைக்கும் படிப்புக்கும் அந்த நாடுகளுக்குப் போயிருக்கும் நம்ம பிள்ளைகளில் ஸ்கூபா கற்றவர்கள் அதிகமாகிவிட்டதால், ஆஸ்திரேலியாவில் கடைப்பிடிக்கப்படும் நடத்தை விதிகளின் சாரம் இங்கே.

பாறை இடுக்கின் நடுவில் நிற்காதீர்கள். ஓரத்துச் சுவரை ஒட்டித் தாழ்வாக இருங்கள். சுறா போகும் பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். துரத்தாதீர்கள், அதன் நேர் மேலே மிதக்காதீர்கள். மூச்சுக் குமிழிகளின் இரைச்சல் அதற்குத் தொந்தரவு. இரை கொடுப்பது, தொடுவது, தண்ணீருக்குள் ஓட்டும் மோட்டார் ஸ்கூட்டர், மின் விரட்டிக் கருவி எதுவும் வேண்டாம். கருவி சுறாவை விரட்டினால் அது குகையை விட்டுப் போய்விடும். ஓய்வு கெட்டு அலைவது அந்தச் சுறாவுக்குத்தான் நஷ்டம். நெருங்கி வந்தால் நிமிர்ந்து, முகத்தை அதை நோக்கியே வைத்து, கையை உடம்போடு சேர்த்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். பதறிக் காலை அடித்து ஓடுவது, அடிபட்ட மீன் செய்யும் வேலை.

கடித்துவிட்டால், விடாத பட்சத்தில் மூக்கிலும் கண்ணிலும் செவுளிலும் ஓங்கிக் குத்த வேண்டும்; இழுத்துப் பறிக்கக்கூடாது. கரைக்கு வந்ததும் சுத்தத் துணியைக் காயத்தின் மேல் வைத்து முழுப் பலத்தோடு அழுத்துங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கை அல்லது காலில் இரத்தம் பீறிட்டு நிற்கவில்லை என்றால், காயத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியை இறுக்கிக் கட்டி, குச்சி வைத்து முறுக்குங்கள்; கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். படுக்க வைத்துப் போர்த்துங்கள். தண்ணீர், காபி எதுவும் கொடுக்க வேண்டாம். காயத்தில் மஞ்சளும் காபித்தூளும் போடும் பழக்கத்தை இங்கே கையில் எடுக்கவே கூடாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நம்மூரில் என்றால் 108. சின்னக் காயமாகத் தெரிந்தாலும் எக்ஸ்ரே அவசியம், ஏனென்றால் இந்த ஒல்லிப் பற்கள் உள்ளே ஒடிந்து நிற்கும். கடல்நீர்க் கிருமிகளுக்கு ஏற்ற ஆன்டிபயாடிக்கும் டெட்டனஸ் ஊசியும் மருத்துவர் பார்த்துப் போடுவார்.

பெயர் கெட்டதால் செத்த சுறா

ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகள் இதை ஆள்தின்னி என்றே நம்பினார்கள். வேறு சுறா கடித்ததற்கும் பல் தெரிகிற இதன் மேல்தான் பழி விழுந்தது. 1950, 60களில் வெடிமுனை பொருத்திய ஈட்டிகளோடு இறங்கிய வேட்டைக்காரர்களுக்கு, அசையாமல் நிற்கும் இந்த மீன் சுலப இலக்கு. கொன்றவர் வீரர் ஆனார். கிழக்குக் கரையில் எண்ணிக்கை பாதாளத்துக்குப் போன பிறகு, 1984இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு இதைப் பாதுகாக்கச் சட்டம் போட்டது. உலகில் முதன்முதலாகச் சட்டப் பாதுகாப்பு பெற்ற சுறா இதுதான். இன்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை மிக அருகிய நிலை என்று வகைப்படுத்தியிருக்கிறது.

தொட்டியில் உள்ளவற்றைப் பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். சிலவற்றுக்கு முதுகு கூன் விழுந்திருக்கும். தொட்டி வாழ்க்கையில் இந்த இனத்துக்கு வரும் முதுகெலும்புக் கோளாறு அது. இன்னொன்று, நீளக் கம்பியின் நுனியில் இரை கொடுத்து வயிறு வாடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கூட நீந்தும் மீன்கள் பிழைப்பது அதனால்தான், அதுவும் எப்போதும் இல்லை. 2016 ஜனவரியில் தென்கொரியாவின் சியோலில் உள்ள கோயெக்ஸ் மீன்காட்சியகத்தில், 2.2 மீட்டர் பெண் மணல்புலி ஒன்று 1.2 மீட்டர் நீளமுள்ள இன்னொரு சுறாவைத் தலையிலிருந்து விழுங்கியது. முழுசாக உள்ளே போக 21 மணி நேரம் ஆனது. அறுக்கத் தெரியாத வாய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கொங்குக்காரருக்கு எங்கே ஆபத்து

காவிரி வழியாகச் சுறா பவானி கூடுதுறைக்கு வருமா என்று சிலர் கேட்பதுண்டு. மணல்புலிச் சுறா நன்னீரில் வாழாது. ஆற்றில் ஏறக்கூடியது காளைச் சுறா. அதற்கும் கல்லணை, முக்கொம்பு, மாயனூர் கதவணை என்று வழியில் தடை மேல் தடை. கூடுதுறையில் சுழலுக்குப் பயப்படுங்கள், அது நியாயம்.

வர்க்கலா, செராய், திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று வண்டி பிடித்துப் போகும்போது உயிரை வாங்குவது தண்ணீர்தான், மீன் அல்ல. நம்மவர்கள் நீச்சல் பழகியது கிணற்றிலும் கீழ்பவானி வாய்க்காலிலும். வாய்க்காலில் ஓட்டம் ஒரே திசை, கரை கையெட்டும் தூரம். திறந்த கடலில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் ஒரு பட்டை வழியாகத் தண்ணீர் கடலுக்குள் இழுக்கும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய் இழுப்பைத் தாண்டிய பிறகு திரும்ப வேண்டும். மணலில் புதைந்திருக்கும் திருக்கையின் முள் குத்துவதும் சுறாக்கடியைவிட நடக்கக்கூடிய விஷயம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைத்தால் வலி அடங்கும். முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுறாவால் கொங்கு வீடுகளுக்கு வரக்கூடிய நிஜமான கெடுதல் ஒன்று உண்டு, அது தட்டின் வழியாக. உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்து, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது வழக்கம். சுறா மற்ற மீன்களைத் தின்று பல வருடம் வாழ்வதால் அதன் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகிறது. சிசுவின் மூளை வளர்ச்சியைத்தான் அது பதம் பார்க்கும். கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், சிறு குழந்தைகள் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. பொதுவாகச் சுறா பெரிதாக ஆகப் பாதரசமும் கூடும்; வேகவைத்தாலும் மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது. பாட்டி மனசு கோணாமல் இருக்கப் புட்டேதான் வேண்டுமென்றால், அதே பூண்டு, அதே மிளகு போட்டு நெத்திலியிலோ மத்தியிலோ செய்யலாம். முள் எடுக்கும் வேலை மட்டும் கொஞ்சம் கூடும்.